ரோலர் பேரிங்குக்கு எந்தப் பாகுநிலை? ஒரு நூற்றாண்டுக் கேள்வியின் இன்றைய நிலை

ரோலர் பேரிங் ஒன்றுக்கு எவ்வளவு கெட்டியான எண்ணெய் வேண்டும் என்ற கேள்விக்குப் பட்டறைகளில் ஒரு விடை வழங்கிவருகிறது: சுமை கூடினால் கெட்டி எண்ணெய், வேகம் கூடினால் இளக்கமான எண்ணெய். இயந்திரத்தோடு வரும் கையேடு அதைவிடச் சுருக்கமானது. 68, 150, 220, 320 என்று ஓர் எண்ணை மட்டும் தந்துவிட்டு நின்றுவிடும். பேரிங் தயாரிப்பாளரின் விவரநூல் வேகத்தையும் விட்டத்தையும் கேட்டு ஒரு வரைபடத்தை நீட்டும். எண்ணெய் நிறுவனத்திலிருந்து வருபவர் சேர்மானங்களைப் பற்றிப் பேசுவார். எல்லாம் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தால் சிக்கல் இல்லை. பல சமயம் சேர்வதில்லை. இந்த விடைகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பழுதுகளுக்கு அஞ்சி உருவானவை என்பதே அதற்குக் காரணம்.

அவற்றை ஏறத்தாழப் பிறந்த வரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதைச் சரியாகச் சொல்கிறது, எங்கே தளர்கிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது. பாகுநிலை என்று இங்கே சொல்வதெல்லாம் இயக்கப் பாகுநிலையை; அலகு சென்டிஸ்டோக்ஸ். ஐ.எஸ்.ஓ. 3448 தரநிலையில் எண்ணெய்க்கு இடப்படும் வி.ஜி. எண், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் நடுமதிப்புப் பாகுநிலை. இருபுறமும் 10 விழுக்காடு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது. எனவே வி.ஜி. 68 என்று எழுதிய இரண்டு பீப்பாய்களில் ஒன்று 62-ஆகவும் மற்றது 74-ஆகவும் இருக்கலாம். இரண்டும் தரநிலைக்கு உட்பட்டவையே.

வழுக்குத் தாங்கி விட்டுச்சென்ற மரபு

"சுமை கூடினால் கெட்டி" என்ற விதி ரோலர் பேரிங்கில் பிறந்ததல்ல. 1883-ல் பீச்சம் டவர், பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சுத் தாங்கிகளைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்புறம் இட்ட துளையை மரக்கட்டையால் அடைத்தபோது, எண்ணெய் அந்தக் கட்டையை வெளியே தள்ளியது. தண்டுக்கும் தாங்கிக்கும் நடுவே பெரிய அழுத்தம் உருவாகிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்: சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் இழுக்கிறது; எண்ணெயின் பாகுநிலை அங்கே அழுத்தமாக மாறிச் சுமையைத் தாங்குகிறது. 1902-ல் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வெளியிட்ட உராய்வு வளைவுகள் இந்தப் படத்தை நிறைவு செய்தன.

வழுக்குத் தாங்கி எனப்படும் இவ்வகையில் பாகுநிலையையும் வேகத்தையும் பெருக்கிச் சுமையால் வகுத்த மதிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சுமை இரட்டித்தால், அதே படலம் நிலைக்க ஏறத்தாழ இருமடங்கு பாகுநிலை வேண்டும். ரயில் அச்சுக்கும் நீராவி இயந்திரத் தண்டுக்கும் எண்ணெய் இட்டவர்களின் கைப்பழக்கம் இதிலிருந்து வந்தது. ரோலர் பேரிங் பரவியபோது அந்தப் பழக்கம் மறுஆய்வு இல்லாமல் அதற்கும் மாற்றப்பட்டது.

பேரிங் ஆயுள் கணக்கு இதைத் திருத்த உதவவில்லை. 1924-ல் ஆர்விட் பால்ம்கிரென் தொடங்கி, 1947-ல் குஸ்தாவ் லுண்ட்பெரியுடன் சேர்ந்து அவர் முழுமைப்படுத்திய ஆயுள் சமன்பாட்டில் இருப்பவை தாங்குதிறனும் சுமையும் மட்டுமே. ரோலர் பேரிங்கின் ஆயுள் அந்த விகிதத்தின் 10/3 அடுக்காக மாறுகிறது. எண்ணெய் அதில் எங்குமே இல்லை. போதுமான எண்ணெய் இருக்கிறது என்பது எழுதப்படாத நிபந்தனை. "போதுமான" என்றால் எவ்வளவு என்று சொல்லும் இயற்பியல் அப்போது கையில் இல்லை.

மெல்லிய படலத்தின் புதிர்

1916-ல் எச். எம். மார்ட்டின் ரெனால்ட்ஸின் சமன்பாட்டைப் பற்சக்கரப் பற்களின் தொடுகைக்குப் பொருத்திப் பார்த்தார். வந்த படலத் தடிமன் உலோகப் பரப்பின் சொரசொரப்பைவிட மிகக் குறைவு. அப்படியானால் பற்கள் சீக்கிரமே தேய்ந்து அழிய வேண்டும். நல்ல எண்ணெயில் ஓடிய பற்களோ ஆண்டுக்கணக்கில் கருவியின் அடையாளம்கூட மறையாமல் இருந்தன. இதே முரண் ரோலர் பேரிங்குக்கும் பொருந்தும். உருளையும் ரேஸும் தொடும் கோடு அவ்வளவு குறுகியது.

மார்ட்டின் விட்டுவிட்டவை இரண்டு. ஒன்று, எஃகு கெட்டியான கல் அல்ல. ஹெர்ட்ஸ் 1881-லேயே காட்டியபடி தொடும் இடத்தில் அது மீள்தன்மையோடு தட்டையாகிறது. மற்றொன்று, அழுத்தம் ஏறும்போது எண்ணெயின் பாகுநிலை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. அழுத்தத்தோடு பாகுநிலை ஏறுவதைக் கார்ல் பாரஸ் 1893-லேயே எழுதியிருந்தார். உருளைக்கும் ரேஸுக்கும் நடுவே அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலைத் தாண்டுவது இயல்பு. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்தாயிரம் மடங்கு. அந்த நிலையில் எண்ணெய் கிட்டத்தட்டத் திடப்பொருளின் தன்மை கொள்கிறது. தொடுகைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்ட எண்ணெய்க்கு வெளியேற நேரமே கிடைப்பதில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துத் தீர்த்தவர் சோவியத் ஒன்றியத்தில் பணியாற்றிய அலெக்சாந்தர் ஏர்ட்டெல். பின்னர் அவர் நாட்டைவிட்டு வெளியேற, தீர்வு 1949-ல் குரூபின் என்பவரின் பெயரில் வெளிவந்து உலகமெங்கும் குரூபின் சமன்பாடு என்றே அறியப்பட்டது. உரியவருக்கு உரிய பெயர் சேர அலஸ்டேர் கேமரூன் 1985-ல் எழுத வேண்டியிருந்தது. 1959-ல் டங்கன் டௌசனும் கோர்டன் ஹிக்கின்சனும் கோட்டுத் தொடுகைக்கு எண்முறைத் தீர்வு தந்தார்கள். கோஹரும் கேமரூனும் 1963-ல் ஒளிக் குறுக்கீட்டு முறையில் அந்தப் படலத்தைக் கண்ணால் காணவைத்தார்கள். பந்துத் தொடுகைக்கான சமன்பாட்டை 1970-களின் பிற்பகுதியில் பெர்னார்ட் ஹாம்ராக் டௌசனுடன் சேர்ந்து தந்தார். மீள்நீரியக்க மசகு என்ற துறை இப்படி உருவானது.

பாகுநிலைத் தேர்வைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிக முக்கியமானது அடுக்கு எண்கள்தான். டௌசன்–ஹிக்கின்சன் சமன்பாட்டில் படலத் தடிமன், பாகுநிலையும் வேகமும் சேர்ந்த பெருக்கலின் 0.7 அடுக்காக வளர்கிறது, சுமையின் 0.13 அடுக்காக மட்டுமே குறைகிறது. சுமையை இரட்டித்தால் படலம் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் மெலியும். வேகத்தைப் பாதியாக்கினாலோ 38 விழுக்காடு மெலிந்துவிடும். படலத்தின் தடிமன் தொடுகையின் நடுவில் அல்ல, எண்ணெய் உள்ளே இழுக்கப்படும் நுழைவாயிலில் முடிவாகிறது. அங்கே சுமையின் கை நீளுவதில்லை. எனவே "சுமை கூடினால் கெட்டி எண்ணெய்" என்ற பட்டறை விதி, ரோலர் பேரிங்கின் படலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் தவறு. அதிகச் சுமை பேரிங்கைச் சூடாக்கி எண்ணெயை இளக்குகிறது, உலோகத்தை அயரச் செய்கிறது. அந்த மறைமுக வழியில் மட்டும் விதியில் ஓரளவு உண்மை உண்டு. வேகத்தைப் பற்றிய இரண்டாம் பாதி நன்றாகவே நிற்கிறது.

லாம்டாவிலிருந்து கப்பாவுக்கு

படலத்தின் தடிமன் தெரிந்தால் போதாது, எதோடு ஒப்பிடுவது? பரப்புகளின் சொரசொரப்போடு என்பது 1960-களில் டிபோர் டாலியன் முதலியோர் நிறுவிய விடை. படலத் தடிமனைக் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வருவது லாம்டா. ஒன்றுக்குக் கீழே உலோக முகடுகள் பெருமளவு மோதுகின்றன. மூன்றுக்கு மேலே பிரிந்து நிற்கின்றன. நடுவில் கலப்பு நிலை என்று பாடநூல்கள் வகுக்கின்றன.

லாம்டாவைக் கணக்கிடத் தேவையான விவரங்கள் பராமரிப்புப் பொறியாளர் கையில் இருப்பதில்லை. உருளையின் வளைவு ஆரம், மெருகின் அளவு, அழுத்தத்தோடு எண்ணெயின் பாகுநிலை எவ்வளவு ஏறும் என்று சொல்லும் அழுத்தக் கெழு ஆகியவற்றை எந்த ஆலையிலும் குறித்து வைப்பதில்லை. அதற்காகவே கப்பா என்ற எளிய விகிதம் வந்தது. 2007-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 281 அதை ஆயுள் கணக்கின் மையத்தில் வைத்தது. இயங்கும் வெப்பநிலையில் எண்ணெய்க்கு உண்மையில் உள்ள பாகுநிலையை, அந்த பேரிங்குக்கு அந்த வேகத்தில் தேவையான ஆதாரப் பாகுநிலையால் வகுத்தால் கப்பா. ஆதாரப் பாகுநிலைக்கு வேகமும் சராசரி விட்டமும் மட்டும் போதும். நிமிடத்துக்கு 1000 சுற்றும் அதற்கு மேலும் என்றால், வேகத்தையும் மில்லிமீட்டரில் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 4500-ஐ அதால் வகுக்க வேண்டும். அதற்குக் கீழே வேகத்தின் அடுக்கு 0.83 ஆகிறது, மாறிலி 45,000.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மி.மீ. துளையும் 180 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள 22220 ஸ்பெரிக்கல் ரோலர் பேரிங்கின் சராசரி விட்டம் 140 மி.மீ. அது 1000 சுற்றில் ஓடினால் ஆதாரப் பாகுநிலை சுமார் 12 சென்டிஸ்டோக்ஸ். அதே பேரிங் 50 சுற்றில் ஓடினால் 148. பேரிங் ஒன்றே, சுமை ஒன்றே. தேவை பன்னிரண்டு மடங்கு வேறுபடுகிறது. விவரநூல்களில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு பழைய விதி, இயங்கும் வெப்பநிலையில் பந்து மற்றும் நேருருளை பேரிங்குகளுக்குக் குறைந்தது 13, டேப்பர் மற்றும் ஸ்பெரிக்கல் வகைகளுக்கு 20, ஸ்பெரிக்கல் திரஸ்ட் வகைக்கு 32 சென்டிஸ்டோக்ஸ் வேண்டும் என்கிறது. அதன்படி போனால் நம் பேரிங் 1000 சுற்றில் தேவைக்கு மிஞ்சியும், 50 சுற்றில் மிகப் பின்தங்கியும் நிற்கும். நடுத்தர வேகங்களுக்கு எழுந்த விதியை எல்லா வேகங்களுக்கும் நீட்டியதன் விளைவு இது.

வெப்பநிலையை இப்போது உள்ளே கொண்டுவரலாம். சூட்டில் பாகுநிலை எவ்வளவு நிலைக்கிறது என்று காட்டும் பாகுநிலைக் குறியீட்டெண் 95-ஐ ஒட்டிய சாதாரணக் கனிம எண்ணெய் வி.ஜி. 68, 70 டிகிரியில் சுமார் 20 சென்டிஸ்டோக்ஸாகவும் 90 டிகிரியில் சுமார் 11-ஆகவும் இறங்குகிறது. 1000 சுற்றில் நம் பேரிங்கின் கப்பா முதல் நிலையில் 1.7, இரண்டாவதில் 0.9. இருபது டிகிரி வித்தியாசத்தில் எண்ணெய் போதுமானது என்ற பக்கத்திலிருந்து போதாது என்ற பக்கத்துக்குப் போய்விட்டது. வெளிவெப்பம் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்ட அட்டவணையை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியிலோ வேலூரிலோ கூரைத் தகட்டின் கீழ் ஓடும் இயந்திரத்துக்கு அப்படியே பொருத்தினால் நடப்பது இதுதான். வரைபடத்தைப் பிழையில்லாமல் படித்தும் தேர்வு தவறிப்போகும் ஆலைகளில், பிழை பெரும்பாலும் இந்த ஓர் உள்ளீட்டில் இருக்கிறது. அரை மைக்ரான் படலத்தின் கோட்பாட்டை நுட்பமாகத் திருத்திக்கொண்டே இருக்கும் துறை, பேரிங்கின் உண்மையான வெப்பநிலையை யார், எங்கே, எப்போது அளக்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் போதிய கவனம் தரவில்லை.

கப்பாவின் குறைகள்

கப்பாவில் சுமை இல்லை. மேலே கண்ட அடுக்கு எண்களை வைத்துப் பார்த்தால் அது பெரிய குறை அல்ல. மற்ற குறைகள் கனமானவை. தரநிலையே சொல்வதுபோல் அது கனிம எண்ணெயையும் வழக்கமான மெருகையும் முன்வைத்து எழுந்தது. எஸ்டர் முதலான செயற்கை எண்ணெய்களின் அழுத்தக் கெழு கனிம எண்ணெயினுடையதைவிடக் குறைவு, ஒரே வி.ஜி. எண்ணில் அவை தரும் படலம் மெலிந்ததாக இருக்கும். மறுபுறம், செயற்கை எண்ணெயின் உயர்ந்த குறியீட்டெண் சூட்டில் உதவுகிறது. வி.ஜி. 220 கனிம எண்ணெய் 100 டிகிரியில் 19-ஐ ஒட்டி நிற்க, பாலி ஆல்பா ஓலிஃபின் வகை 25-ஐ ஒட்டி நிற்கும். ஒன்று மற்றொன்றை எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கப்பா இதைச் சொல்லாது.

அடுத்தது தூசு. 1985-ல் ஸ்டாதிஸ் அயோனிடிஸும் டெட்ரிக் ஹாரிஸும் முன்வைத்த கோட்பாடு, ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே உலோகம் அயர்வதே இல்லை என்று கொள்கிறது. ஐ.எஸ்.ஓ. 281 அதை ஏற்று, கப்பாவையும் தூய்மைக் கெழுவையும் சேர்த்து ஒரு திருத்தக் காரணியைத் தருகிறது, அது 0.1-லிருந்து 50 வரை போகும். அந்த வரைபடங்களைக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். எண்ணெய் கடுமையாக மாசுபட்டிருக்கும்போது கப்பாவை ஒன்றிலிருந்து நான்காக உயர்த்துவது ஆயுளைச் சிறிதே நீட்டுகிறது. அதே உயர்வு தூய எண்ணெயில் பல மடங்கு பலன் தருகிறது. சிமெண்ட் ஆலையிலும் கல் அரவையிலும் கெட்டி எண்ணெய்க்கு மாறுவதைவிட சீலையும் வடிகட்டியையும் சரிசெய்வது ஆயுளுக்கு அதிகம் உதவக்கூடும்.

அயர்வு எல்லை என்ற கருத்தே எல்லோருக்கும் ஏற்பானதல்ல. நாசாவில் நெடுங்காலம் பணியாற்றிய எர்வின் சரெட்ஸ்கி, பேரிங் எஃகுக்கு அப்படியொரு எல்லை இருப்பதாகச் சோதனைகள் காட்டவில்லை என்றும், ஐ.எஸ்.ஓ. முறை ஆயுளை மிகைப்படுத்திவிடும் என்றும் 2010-ல் விரிவாக எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருந்தால், உயர்ந்த கப்பாவுக்கு இன்று வழங்கப்படும் பெரிய வெகுமதிகள் சுருங்கும். எந்த எண்ணெய் எதைவிட நல்லது என்ற வரிசை மாறாமல் இருக்கலாம். எத்தனை மடங்கு என்பதுதான் ஆட்டம் காணும்.

கெட்டியாக இருப்பது பாதுகாப்பா?

ஐயம் வந்தால் ஒரு படி மேலே போ என்பது பரவலான அறிவுரை. கப்பா நான்கைத் தாண்டினால் அதை நான்கென்றே கொள்ளச் சொல்கிறது தரநிலை. அதற்குமேல் ஆயுளில் ஆதாயம் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் இழப்பு நின்றுவிடுவதில்லை.

பால்ம்கிரெனின் பழைய உராய்வுச் சமன்பாட்டில், சுமை சாராத எதிர்ப்பு முறுக்கம் பாகுநிலையும் வேகமும் சேர்ந்த பெருக்கலின் மூன்றில் இரண்டு அடுக்காக ஏறுகிறது. படலத் தடிமனும் ஏறத்தாழ அதே அடுக்கில்தான் ஏறுகிறது. ஆகவே பாகுநிலையை இரட்டித்தால் படலம் சுமார் 60 விழுக்காடு தடிக்கும். எண்ணெயைக் கலக்குவதற்கும் வெட்டுவதற்கும் செலவாகும் முறுக்கமும் சுமார் 60 விழுக்காடு கூடும். அந்தச் செலவு முழுதும் வெப்பமாகி, எண்ணெயை இளக்கி, வாங்கிய ஆதாயத்தில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்ளும். மெதுவாக ஓடும் பேரிங்கில் இந்த வெப்பம் பொருட்டல்ல. அங்கே கெட்டி எண்ணெய் உண்மையிலேயே காக்கிறது. வேகமாக ஓடும் பேரிங்கில் கதை மாறுகிறது. எஸ்.கே.எஃப். நிறுவனம் 2003-ல் வெளியிட்ட உராய்வு மாதிரி இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்க்கிறது: நுழைவாயிலில் எண்ணெய் வெட்டுப்பட்டுச் சூடாவது, ஓர் உருளை தள்ளிவிட்ட எண்ணெய் அடுத்த உருளை வருவதற்குள் திரும்பி நிரம்பாமல் போவது. இரண்டும் கெட்டி எண்ணெயையே அதிகம் பாதிக்கின்றன. கெட்டி எண்ணெய் மெதுவாகத் திரும்புவதால், காகிதத்தில் தடித்த படலம் உண்மையில் பஞ்சத்தில் ஓடக்கூடும்.

சுமை குறைவான பேரிங்கில் மற்றொரு ஆபத்தும் உண்டு. கெட்டியான எண்ணெயின் இழுவை உருளைகளை உருளவிடாமல் தடுத்தால், அவை சுமைப் பகுதிக்குள் நுழையும்போது வழுக்கி, ரேஸின் மேல் பூச்சுப்போல் உலோகத்தை அப்பிவிடும். குளிர்ந்த நிலையில் இயந்திரத்தைக் கிளப்பும்போது இது மிகும். பெரிய உருளை பேரிங்குகளுக்குக் குறைந்தபட்சச் சுமை வேண்டும் என்று விவரநூல்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

எதிர்முனையில் நிற்கிறது மெல்லிய எண்ணெய் இயக்கம். எரிபொருளையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த வாகனங்களிலும் பற்சக்கரப்பெட்டிகளிலும் எண்ணெய் படிப்படியாக இளக்கப்பட்டுவருகிறது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் மின்வாகன மோட்டார்கள் இந்தப் போக்கை விரைவுபடுத்தியுள்ளன. அதன் ஆதரவாளர்களுக்குச் சாதகமான ஆய்வுகள் உண்டு. ஸ்வீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தினர் 2020-ஐ ஒட்டி வெளியிட்ட சோதனைகளில், ஓடிப் பழகிய பரப்புகளுக்கு நடுவே லாம்டா ஒன்றுக்குக் கீழே இருந்தபோதும் முழுப் படலம் நிலைத்தது. தொடுகைக்குள் சொரசொரப்பின் முகடுகளே மீள்தன்மையோடு தட்டையாகிவிடுவதால், வெளியே அளந்த சொரசொரப்பால் வகுப்பது பழைய பாடநூல் எல்லைகளைத் தேவைக்கு மேல் கடுமையாக்குகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் சோதனைக்கூடத்தின் தூய எண்ணெயிலும் கட்டுப்பட்ட பரப்பிலும் கிடைத்த விடையை, தூசும் ஈரமும் புகும் கன்வேயர் பேரிங்குக்கு எடுத்துச் செல்வது இப்போதைக்கு அவசரமாகவே தோன்றுகிறது.

இரு தரப்பும் ஒரே பெட்டிக்குள் மோதும் இடம் காற்றாலைப் பற்சக்கரப்பெட்டி. சுழலியின் தண்டு நிமிடத்துக்கு இருபது சுற்றை ஒட்டி ஓட, ஜெனரேட்டர் பக்கத் தண்டு 1500 சுற்றை ஒட்டி ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய், வழக்கமாக வி.ஜி. 320. மெதுவான பக்கத்து பேரிங்குக்கு அது போதாமல் போகலாம், வேகமான பக்கத்துக்கு மிஞ்சலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் பற்சக்கரப்பெட்டிக் காற்றாலைகளும் இந்தச் சமரசத்தோடுதான் ஓடுகின்றன. இங்கே "சரியான பாகுநிலை" என்று ஒன்று கிடையாது. எந்த பேரிங்கின் குறையைப் பொறுத்துக்கொள்வது என்ற முடிவு மட்டுமே உண்டு.

சேர்மானங்களால் ஈடுகட்டலாமா?

கப்பா ஒன்றுக்குக் கீழே போனால் ஈ.பி. எனப்படும் உயர் அழுத்தச் சேர்மானங்கள் உலோகத்தின் மேல் வேதிப் படலம் இட்டுக் காக்கும் என்பது ஒரு தரப்பு. எண்ணெய் போதிய தூய்மையோடு இருந்து, சேர்மானத்தின் பலன் நிரூபிக்கப்பட்டிருந்தால் கப்பாவை ஒன்றென்று கொள்ளலாம், ஆனால் ஆயுள் காரணி மூன்றைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 281 நிபந்தனையோடு இதை ஏற்கிறது. இந்தக் கஞ்சத்தனம் நியாயமானது. கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் வெப்பம் ஏறும்போது பேரிங் எஃகையே அரிக்கக்கூடும் என்று பேரிங் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். தேய்மானத்தை அளவுக்கு மீறித் தடுக்கும் சேர்மானங்கள், பரப்பு ஓடிப் பழகி மழமழப்பாவதையே தடுத்து நுண்குழிகளுக்கு வழிவகுக்கலாம் என்ற கருத்தும் வலுப்பெற்றுள்ளது. காற்றாலை பேரிங்குகளில் கணக்கிட்ட ஆயுளின் சிறு பகுதிக்குள்ளேயே தோன்றும் வெண்பொறிப்பு விரிசல்களுக்கு ஹைட்ரஜன், மின்னோட்டம், வழுக்கல், சில சேர்மானங்கள் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, கருத்தொற்றுமை இல்லை. கப்பா திருப்தியாக இருந்த இடங்களிலும் அவை வந்திருப்பதால், பாகுநிலையை மட்டும் வைத்து அவற்றைத் தடுக்க முடியாது என்பது தெளிவு.

கிரீஸ்: கணக்குக்குள் அடங்காத பெரும்பான்மை

இதுவரை சொன்னதெல்லாம் தாராளமாக எண்ணெய் கிடைக்கும் பேரிங்குக்கு. உலகின் உருளும் பேரிங்குகளில் பெரும்பாலானவை கிரீஸில் ஓடுகின்றன. கிரீஸுக்குக் கப்பாவைக் கணக்கிட அதன் மூல எண்ணெயின் பாகுநிலையை எடுத்துக்கொள்வது நடைமுறை. டப்பாவின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் என்.எல்.ஜி.ஐ. 2 அல்லது 3 கிரீஸின் விறைப்பைக் குறிப்பது. படலத்துக்கு அதோடு நேரடித் தொடர்பில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, விறைத்த கிரீஸைக் கனமான சுமைக்கு உகந்ததென்று வாங்குவது இன்றும் நடக்கிறது. அதைத் திருத்த டப்பாவைத் திருப்பி மூல எண்ணெயின் எண்ணைப் பார்த்தாலே போதும்.

ஆனால் மூல எண்ணெயின் பாகுநிலையும் முழு விடை தருவதில்லை. பேரிங் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் கிரீஸின் பெரும்பகுதி ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறது. பிறகு அங்கிருந்து கசியும் எண்ணெயும் பாதையில் ஒட்டிய மென்படலமுமே வேலை செய்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிலிப்பா கேன் 1990-களிலிருந்து செய்த அளவீடுகள், இந்தப் பஞ்ச நிலையில் படலம் சமன்பாடு சொல்வதைவிட வெகுவாக மெலியக்கூடும் என்று காட்டின. மிகக் குறைந்த வேகத்தில் நேர்மாறு: கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு நார்கள் தொடுகைக்குள் நுழைந்து, மூல எண்ணெய் மட்டும் தரக்கூடியதைவிடத் தடித்த படலத்தை உண்டாக்குகின்றன. எனவே கிரீஸில் பாகுநிலை கூடக்கூட நல்லதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. கெட்டியான மூல எண்ணெய் மெதுவாகக் கசியும், மெதுவாகத் திரும்பும். இளக்கமானது விரைந்து நிரப்பும், விரைந்து தீரும்.

எங்கே நிற்கிறோம்

இயங்கும் வெப்பநிலையில் கணக்கிட்ட கப்பா ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருக்கட்டும் என்பது இன்று கையில் உள்ள முதல் சல்லடை. அதைவிட எளியதும் நம்பகமானதுமான ஒன்று இல்லை. வேகம் குறைந்த, தூசு குறைந்த இடத்தில் மேல் எல்லையை நோக்கியும், வேகமும் சூடும் மிகுந்த இடத்தில் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவேயும் நிற்பது பொருத்தமாகத் தெரிகிறது. பின்னது கணக்கிலிருந்து வருவதைவிட மேலே சொன்ன வெப்பச் சுழற்சியை எண்ணிப் பார்த்து வரும் மதிப்பீடு. சல்லடைக்கு அப்பால் உள்ளவை தீராதவை. ஒன்றுக்குக் கீழே எவ்வளவு தூரம் துணிந்து போகலாம் என்பது தெரியவில்லை. பரப்பில் தொடங்கும் பழுதையும் உள்ளே தொடங்கும் அயர்வையும் தனித்தனியாகக் கணக்கிடும் மாதிரிகள் 2015-க்குப் பிறகு வரத் தொடங்கியுள்ளன. எல்லோரும் சரிபார்க்கக்கூடிய பொதுத் தரநிலையின் இடத்தை அவை இன்னும் பெறவில்லை. கிரீஸின் படலத்தை முன்கூட்டிச் சொல்லும் சமன்பாடு பொதுவில் இல்லை. மின்னோட்டம் பாயும் மோட்டார் பேரிங்குக்கு மெல்லிய படலம் நல்லதா தடித்தது நல்லதா என்ற விவாதமும் திறந்தே இருக்கிறது.

இவை தீரும்வரை ஆலையில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணெயை மாற்றத் தீர்மானிப்பதற்கு முன், கோடையின் நடுப்பகலில், முழுச் சுமையில், பேரிங் நிலையான சூட்டை எட்டியபின் அதன் வெளிரேஸின் வெப்பநிலையை ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். எண்ணெயின் 40, 100 டிகிரிப் பாகுநிலைகளை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.